அந்த இரவின் சொற்கள் நம் கைக்கு வந்த வழி

(பெரிய வியாழனை முன்னிட்டு வானொலியில் வழங்கிய மறையுரை. பங்கு மடல் வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தவக்காலத் தொடக்கத்தில் நம்மைப் பார்க்க வந்தார். சிறு வயதில் பீடச் சிறுவனாக இருந்தவர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருகிறவர். ஆனால் சில மாதங்களாக நற்கருணை வாங்க எழுந்து வருவதில்லை; பின் வரிசையிலேயே இருந்துவிடுகிறார். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரத் தயங்குகிறார் போலும் என்று நினைத்தோம். விஷயம் வேறு.

விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி, கிரிவலப் பாதையில் கூட நடந்து வந்தபோது இவர் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்துச் சொன்னாராம்: "உங்கள் பைபிளை எழுதியது இயேசு இறந்து முந்நூறு வருடம் கழித்து. உங்கள் பூசையை உண்டாக்கியது கான்ஸ்டன்டைன் என்ற அரசன். நீங்கள் இதெல்லாம் படிக்கவில்லையா?" அவர் கேலியாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இவருக்கு வலித்தது. "நாம முழந்தாள் போடுறது ஒரு ராஜா கட்டின கதைக்கு முன்னாடியோன்னு பயமா இருக்கு, ஃபாதர். பொய்யா இருந்தா நான் எப்படி வந்து கை நீட்டுறது?" என்றார்.

நம் ஊரில் இந்தக் கேள்வி புதிதல்ல. உலகின் பல மூலைகளிலிருந்தும் உண்மையைத் தேடி வருகிறவர்கள் அந்தச் சாலையில் தேநீர் குடிக்கிறார்கள். அவர்களோடு நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், பேசுகிறார்கள். இந்தக் கேள்வியை அவநம்பிக்கை என்று சொல்லி வாயை அடைப்பது நமக்கு அழகல்ல. கை நீட்டும் முன் அது உண்மையா என்று கேட்டவர், கேட்காமலே கை நீட்டும் நம்மில் பலரைவிட நற்கருணையைப் பெரிதாக மதித்திருக்கிறார்.

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியின் இரண்டாம் வாசகத்திலிருந்து தொடங்குவோம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 11-ஆம் அதிகாரம், 23 முதல் 26 வரை. நான்கே வசனங்கள். ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்தது, நன்றி கூறிப் பிட்டது, அது தம் உடல் என்றது, கிண்ணத்தை எடுத்தது, தம் நினைவாக இதைச் செய்யச் சொன்னது. அவ்வளவுதான். நம்மில் பலர், நற்செய்திகள் முதலில் எழுதப்பட்டன, பவுல் பிறகு எழுதினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விவிலியத்தில் அச்சிட்டிருக்கும் வரிசை அப்படி. எழுதப்பட்ட வரிசை வேறு. இறுதி இராவுணவைப் பற்றி இன்று நம் கையில் இருக்கும் எழுத்துகளில் மிகப் பழையது இந்த நான்கு வசனங்களே. நான்கு நற்செய்திகளும் இன்றைய வடிவில் எழுதப்படும் முன்னரே இது எழுதப்பட்டுவிட்டது.

எப்படித் தெரியும்? அண்ணாமலையார் கோயில் மதில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கல்லில் எழுத்து இருக்கும். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று இருக்கும். அதை வைத்து அறிஞர்கள் காலத்தைக் கணக்கிடுவார்கள். கிரேக்க நாட்டில் டெல்பி என்ற கோயில் ஊரிலும் அப்படி ஒரு கல்வெட்டு உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது. கிளவுதியு பேரரசர் எழுதிய கடிதம் அது. அதில் கல்லியோ என்பவர் அக்காயா மாநில ஆளுநர் என்று குறிப்பு வருகிறது. பேரரசருக்கு 26-ஆம் முறை வெற்றி முழக்கம் செய்யப்பட்ட காலம் என்றும் வருகிறது. அந்தக் கணக்கு கி.பி. 52-ஐ ஒட்டி நிற்கிறது. திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கொரிந்து நகரில் பவுலை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியது இதே கல்லியோவின் நீதி இருக்கைக்கு முன்னால்தான். பவுல் அந்த ஊரில் ஒன்றரை ஆண்டு தங்கினார் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. ஆக, பவுல் கொரிந்தில் இருந்தது கி.பி. 50, 51-ஐ ஒட்டி. சில ஆண்டுகள் கழித்து, 54 அல்லது 55-ஐ ஒட்டி, எபேசு நகரிலிருந்து இந்தத் திருமுகத்தை எழுதுகிறார். எழுதும்போது புதிதாக எதையும் சொல்லவில்லை. முன்பே உங்களிடம் ஒப்படைத்ததுதான் என்கிறார். அப்படியானால் கொரிந்து மக்கள் இந்தச் சொற்களை முதலில் கேட்டது 50, 51-இல். ஆண்டவர் பாடுபட்டது 30-ஐ ஒட்டி. இடைவெளி சுமார் 20 ஆண்டுகள். முந்நூறு அல்ல.

இருபது ஆண்டு அதிகமில்லையா என்று அந்த இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அவர் வேலை செய்யும் தெருவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொன்னோம்.

ரமணாசிரமப் புத்தகக் கடையில் 'நான் யார்?' என்ற சிறு நூலைப் பார்த்திருப்பீர்கள். 1902-ஐ ஒட்டி, தென்னார்க்காடு வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் மலைமேல் விருபாட்ச குகைக்குப் போய், அங்கிருந்த இளம் துறவியிடம் சில கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. சைகையாலும், எழுதிக் காட்டியும் விடை சொன்னார். பிள்ளை அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தார். நூலாக அச்சானது 1923-இல். இடையில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பதிப்புக்குப் பதிப்பு கேள்விகளின் எண்ணிக்கை கூடக்குறைய இருக்கிறது. கட்டுரை வடிவம் ஒன்றும் உண்டு. இதையெல்லாம் காட்டி, அந்த விடைகள் ரமணருடையவை அல்ல, யாரோ கட்டியவை என்று இந்த ஊரில் யாரும் வாதாடுவதில்லை. கேட்டவர் உயிரோடு இருந்தார், உடனிருந்தவர்கள் இருந்தார்கள், அந்தச் சொற்களை வைத்து வாழ முயன்ற ஒரு கூட்டம் இருந்தது. ஒரு சொல் பிழைப்பதற்கு இது போதும்.

இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ரமணர் 1950 வரை இருந்தார். அச்சான நூலைத் தாமே பார்த்துத் திருத்த முடிந்தது. அந்த வசதி சீடர்களுக்கு இல்லை. ஆனால் மேல்மாடி அறையில் அந்த இரவு பந்தியில் இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், தாம் எருசலேம் போய்ப் பேதுருவுடன் 15 நாள் தங்கியதாகப் பவுல் சொல்கிறார். ஒரே வீட்டில் 15 நாள் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் அந்தக் கடைசிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமலா இருந்திருப்பார்கள்?

பவுல் பயன்படுத்தும் இரண்டு வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும்: பெற்றுக்கொண்டேன், ஒப்படைத்தேன். யூத ஆசிரியர்கள் தங்கள் ஆசிரியரிடமிருந்து பாடம் பெற்று மாணவரிடம் கொடுப்பதைச் சொல்லும் வழக்குச் சொற்கள் அவை. இதே திருமுகத்தில் 15-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரின் உயிர்ப்பைப் பற்றிச் சொல்லும்போதும் இதே இரண்டையும் போடுகிறார். என் சொந்தச் சரக்கு அல்ல, வாங்கிய கையோடு தருகிறேன் என்பது அதன் பொருள். கிரேக்க மூலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 'ஒப்படைத்தேன்' என்பதற்கும், ஆண்டவர் 'காட்டிக்கொடுக்கப்பட்டார்' என்பதற்கும் ஒரே வினைச்சொல்தான், அதுவும் ஒரே வசனத்தில். ஒருவன் அவரைப் பகைவர் கையில் ஒப்படைத்தான். திருச்சபை அவரது சொற்களைப் பிள்ளைகள் கையில் ஒப்படைக்கிறது. தமிழில் இது தெரியாமல் போய்விடுகிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை.

சரி, பவுல் எழுதியது அப்படியே நம் கைக்கு வந்ததா? நடுவில் யாராவது மாற்றியிருக்கலாமே?

உ.வே. சாமிநாதையரை நினைத்துக்கொள்ளுங்கள். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க அவர் ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடினார். ஓர் ஏட்டில் ஒரு சொல் விட்டிருக்கும், இன்னொன்றில் இருக்கும். ஒன்றைச் செல் அரித்திருக்கும். எல்லாவற்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுத்தான் பாடத்தை நிலைநாட்டினார். ஏடுகள் வேறுபட்டன என்பதால் சிந்தாமணி பொய்யாகிவிடவில்லை. புதிய ஏற்பாட்டுக்கும் இதே வேலைதான் நடக்கிறது. கையில் இருக்கும் பிரதிகள்தாம் மிக அதிகம், பழமையும் கூடுதல். இந்தக் கொரிந்தியர் திருமுகம் அடங்கிய பாப்பிரசுத் தாள் நூல் ஒன்று, கி.பி. 200-ஐ ஒட்டி எழுதப்பட்டது, பெரும்பகுதி அயர்லாந்தில் டப்ளின் நகரில் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தாள் அது. நம் மூவேந்தர் காலப் பாடல்களில் ஒன்றுக்காவது இவ்வளவு பழைய ஏடு கிடைத்திருந்தால் தமிழறிஞர்கள் விழாவே எடுத்திருப்பார்கள்!

பிரதிகளில் வேறுபாடே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நற்கருணையைத் தொடும் ஒரு வேறுபாடும் உண்டு. லூக்கா நற்செய்தி 22-ஆம் அதிகாரத்தில், அப்பத்தைப் பற்றிய சொற்களின் பின்பாதியும் இரண்டாம் கிண்ணமும் ஒரு பழைய பிரதியில் இல்லை. கேம்பிரிட்ஜில் இருக்கும் 'பேசா' என்ற பிரதி அது. அங்கே கிண்ணம் முதலிலும் அப்பம் பிறகும் வந்து நின்றுவிடுகிறது. ஆனால் அதைவிடப் பழைய பாப்பிரசிலும், வத்திக்கான் பிரதியிலும், மற்ற பெரும்பாலான பிரதிகளிலும் முழுப் பகுதியும் இருக்கிறது. இரண்டு கிண்ணம் வருகிறதே என்று குழம்பி எழுதியவர் ஒன்றை விட்டிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். நம் விவிலியம் முழுப் பகுதியையும் தருகிறது. இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆய்வுப் பதிப்புகளில் பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

நற்செய்தியாளர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மாற்கும் மத்தேயுவும் ஒரு மாதிரி சொல்கிறார்கள். லூக்காவும் பவுலும் இன்னொரு மாதிரி. யோவான் அந்தச் சொற்களையே தரவில்லை. பாதம் கழுவியதைச் சொல்கிறார். நற்கருணைப் போதனையை 6-ஆம் அதிகாரத்தில் வைத்துவிடுகிறார். அந்த உணவு பாஸ்கா விருந்தா, அதற்கு முந்தின இரவா என்பதிலும் யோவான் மற்ற மூவரோடு ஒத்துப்போவதில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது? நம் பாட்டிமார் சொன்ன பழைய மந்திரங்களின் சொற்களும் இன்று மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் சொல்வதும் ஒன்றல்ல. பரலோக மந்திரத்தின் கடைசியில் சி.எஸ்.ஐ. சபையார் சேர்த்துச் சொல்லும் புகழுரை நம் பரலோக மந்திரத்தில் இல்லை. அது வழிபாட்டிலிருந்து பிற்காலப் பிரதிகளுக்குள் நுழைந்தது. நாமும் அதைத் திருப்பலியில் சற்றுத் தள்ளிச் சொல்கிறோம். இடையறாமல் சொல்லப்படும் சொல்லுக்குத்தான் இப்படி ஊருக்கு ஊர் சாயல் வரும். மாற்கு மரபு ஒரு சபையின் திருப்பலியில் வழங்கியது, பவுலின் மரபு அந்தியோக்கியா போன்ற வேறொரு சபையில் வழங்கியது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து கட்டியிருந்தால் நான்கையும் ஒன்றுபோல் ஆக்கியிருக்க மாட்டாரா?

அப்படியானால் நமக்குத் தெரியவருவது இது: புத்தகத்தைப் பார்த்துத் திருப்பலி உண்டாகவில்லை. திருப்பலியில் சொல்லிச் சொல்லி நிலைத்ததுதான் புத்தகத்தில் ஏறியது. கொரிந்து மக்களுக்குப் புதிய ஏற்பாடு என்று ஒரு நூல் கையில் இல்லை. அப்பத்தைப் பிட்டார்கள்; பிட்டபோது சொன்னார்கள்.

வெளியார் சாட்சியும் இருக்கிறது. 112-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, டிராயன் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களை விசாரித்ததில் தெரிந்தவை என்று அவர் எழுதுவதைக் கேளுங்கள். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாகக் கொண்டு பாடுகிறார்கள். திருட மாட்டோம், நம்பிக்கை மோசம் செய்ய மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள். பிறகு மீண்டும் கூடி உணவு உண்கிறார்கள், அது சாதாரணமான, தீங்கற்ற உணவு. இந்தத் தகவலைச் சரிபார்க்க அவர் செய்தது, 'பணிவிடையாளர்' என்று சபையில் அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தது. அவர்கள் பெயரை அவர் எழுதவில்லை. நற்கருணைக் கூட்டத்தைப் பற்றிய மிகப் பழைய அரசாங்க அறிக்கை அவர்கள் வலியிலிருந்து வந்திருக்கிறது.

அதே காலத்தை ஒட்டி, விலங்குக்கு இரையாக உரோமைக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார், சிமிர்னா சபைக்கு எழுதிய மடலில் நற்கருணையை விட்டு விலகி நிற்கும் சிலரைக் கண்டிக்கிறார். அது நம் மீட்பரின் உடல் என்று அவர்கள் ஏற்கவில்லை என்கிறார். அதே மூச்சில், அவர்களுக்குக் கைம்பெண்ணைப் பற்றியும் அநாதையைப் பற்றியும் பசித்தவனைப் பற்றியும் அக்கறை இல்லை என்கிறார். (நம் இளைஞர் பதற வேண்டாம். அவர் விலகி நின்ற காரணம் வேறு.)

இவர்கள் எல்லாரையும்விட நமக்கு நெருக்கமானவர் புனித யுஸ்தீன் என்று தோன்றுகிறது. பாலஸ்தீன நாட்டில் பிறந்தவர். உண்மையைத் தேடி ஒரு குருவிடமிருந்து இன்னொரு குரு என்று அலைந்தவர். ஸ்தோயிக்கு, பித்தாகொரஸ் வழி, பிளேட்டோ வழி என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவர். இன்று இருந்திருந்தால் ஒரு பருவமாவது செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருப்பார். கடைசியில் கிறிஸ்தவரானார். 155-ஐ ஒட்டி உரோமையில், பேரரசருக்கு ஒரு விளக்க மடல் எழுதினார். கிறிஸ்தவர்கள் இரகசியமாக நரமாமிசம் உண்கிறார்கள் என்று ஊரில் வதந்தி. அதனால் உள்ளே நடப்பதை அப்படியே எழுதிவிட்டார். ஞாயிறன்று நகரிலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறோம். திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் நூல்களோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும். தலைவர் அறிவுரை கூறுவார். எல்லாரும் எழுந்து மன்றாடுவோம். அப்பமும், திராட்சை இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும். தலைவர் நன்றி மன்றாட்டுச் சொல்ல, மக்கள் ஆமென் என்பார்கள். பகிர்ந்து உண்போம், வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதி உள்ளவர்கள் தருவது தலைவரிடம் சேரும். அதைக் கொண்டு அவர் அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அயலூரார் ஆகியோரைப் பார்த்துக்கொள்வார்.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்து பாருங்கள். எந்த இடத்தில் வழி தவறுவீர்கள்? நம் மறைக்கல்வி ஏடும் யுஸ்தீன் எழுதிய இந்தப் பகுதியை எடுத்து வைத்திருக்கிறது. அவர் இதை எழுதி 150 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான், 313-இல், கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். 325-இல் கூடிய நீசேயா சங்கம் திருப்பலியை உண்டாக்கியதா? அதன் விதிகளில் ஒன்று, திருத்தொண்டர்கள் குருக்களுக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது என்கிறது. இல்லாத ஒன்றை யார் யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வராது அல்லவா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பழைய வழிபாட்டு நூல்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. 'திதக்கே' என்ற மிகப் பழைய கையேடு, 1873-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் கண்டெடுக்கப்பட்டது, கிண்ணத்தை முதலில் வைக்கிறது; இறுதி இராவுணவின் சொற்களைத் தரவில்லை. கேரளத்துச் சீரோ மலபார் சகோதரர்கள் பயன்படுத்தும் அதாய், மாரி மன்றாட்டின் பழைய வடிவிலும் அச்சொற்கள் தொடர்ச்சியாக இல்லை. அவர்கள் அவற்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அசீரியத் திருச்சபை பழைய வடிவிலேயே தொடர்கிறது, அதுவும் செல்லும் என்று 2001-இல் உரோமை ஏற்றுக்கொண்டது. ஆகவே, முதல் நாளிலிருந்து எங்கும் ஒரே சொல், ஒரே சைகை என்று மார்தட்டுவதற்கு இடமில்லை. எங்கும் இருந்தது அப்பமும் கிண்ணமும் நன்றியும் நினைவும்.

இனி, பெரிய வியாழன் வாசகத்தில் நாம் வாசிக்காமல் விடும் பகுதிக்கு வருவோம். 23-ஆம் வசனத்தில் தொடங்குகிறோம். 17 முதல் 22 வரை அன்று வாசிப்பதில்லை. வீட்டில் திறந்து பாருங்கள். பவுல் கோபமாக இருக்கிறார். கொரிந்து துறைமுகப் பட்டணம். சபையில் பெரிய வீட்டுக்காரர்களும் இருந்தார்கள், அடிமைகளும் கூலிக்காரர்களும் இருந்தார்கள். கூடுவது வசதி உள்ள ஒருவர் வீட்டில். அக்கால வீடுகளின் உணவறையில் ஒன்பது பத்துப் பேருக்குத்தான் இடம், மற்றவர்கள் முற்றத்தில். முதலில் வந்தவர்கள் கொண்டுவந்ததைத் தாங்களே தின்று, குடித்து வெறித்தும்விட்டார்கள். வேலை முடிந்து தாமதமாக வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அல்ல, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று பவுல் சொல்லிவிட்டு, அதற்கு ஆதாரமாகத்தான் அந்த நான்கு வசனங்களையும் எடுத்து வைக்கிறார். நற்கருணை பற்றிய மிகப் பழைய எழுத்து நமக்குக் கிடைத்தது பந்தியில் நடந்த அவமானத்தால். எல்லாரும் ஒழுங்காகப் பகிர்ந்து உண்டிருந்தால் பவுல் இதை எழுதவே தேவை இருந்திருக்காது.

வரலாற்று ஆதாரம் தேடுகிறவர்களுக்கு இது ஒன்று போதும். கதை கட்டுகிறவன் தன் சபையின் மானத்தை இப்படிச் சந்தியில் விட மாட்டான். திருச்சபையும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல், படியெடுத்து ஊர் ஊராக அனுப்பியது.

நமக்கோ இது பழங்கதையாகவும் இல்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கம் என்று இரண்டு கிளையாகக் கோயிலைக் கட்டி, நடுவில் தடுப்பு வைத்து, ஒரே பீடத்தைப் பார்த்து நற்கருணை வாங்கினோம். 1910-இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது, இடித்தது தவறு என்று வழக்குப் போட்டவர்களும் நம்மவர்களே. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இன்னும் சில ஊர்களில் ஒரே பங்குக்கு இரண்டு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ரமணர் பந்தியில் எல்லாருக்கும் சமமாகப் பகிராத எதையும் தமக்கென்று தனியாக ஏற்க மாட்டார் என்று நம் அயலார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மதியம் ஆசிரம வாசலில் சாதுக்கள் சோற்றுக்கு வரிசையில் நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறோம். அங்கே தங்கியிருக்கும் பயணிகள் நம்மிடம் சுவடிகளின் ஆண்டுக் கணக்கைக் கேட்டால் சொல்லலாம். கல்லியோ இருக்கிறார், யுஸ்தீன் இருக்கிறார். கல்லறைச் சுவரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

அந்த இளைஞரோடு மூன்று மாலை உட்கார்ந்து இவற்றைப் பேசினோம். கடைசி நாள் அவர் திருமுகத்தின் அந்தப் பகுதியைத் தாமே வாசித்தார். கான்ஸ்டன்டைனைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. "லேட்டா வந்து பசியோட நின்னாங்களே ஃபாதர், அவங்களுக்கு அன்னைக்கு யாராவது மீதி வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டார். விருந்தினர் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசியில் சாப்பிடுகிற வேலை அவருடையது.

திருமுகத்தில் அதற்குப் பதில் இல்லை. 33-ஆம் வசனத்தில், உண்பதற்காகக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி பவுல் கேட்டுக்கொள்கிறார். அது மட்டும் இருக்கிறது. பெரிய வியாழன் மாலை திருப்பலிக்கு வர முடியுமா என்று கேட்டோம். பணிநேரம் ஏழரை மணிக்குத்தான் முடியும் என்றார். அந்தச் சாலையில் அவரைப் போல நம் பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

ஆகவே இவ்வாண்டு பெரிய வியாழன் திருப்பலி வழக்கம்போல் ஆறரை மணிக்கு அல்ல, இரவு 8 மணிக்குத் தொடங்கும். முன்னதாக வந்துவிடுகிறவர்கள் அதுவரை கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கலாம். முன் வரிசைகளைத் தாமதமாக வருகிறவர்களுக்காகக் காலியாக விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.